பாரம் மாறலாம், பட்ட பாடு அழியலாமா?

அல்சூரில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் அண்மையில் கண்ட காட்சி இது. ஆலையில் முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு துணிப்பை. அதற்குள் ஆதார் அட்டை, பாங்கு பாஸ் புத்தகம், மின்சார பில், மகளின் கல்யாணப் பதிவுச் சான்று, இன்னும் என்னென்னவோ.

"தம்பி, நேத்து ராத்திரி எட்டு மணி வரைக்கும் உட்கார்ந்து பதினோரு பக்கம் நிரப்பினோமே, அதெல்லாம் எங்கே?" என்று கேட்டார்.

"பாரத்தையே மாத்திட்டாங்க ஐயா. பழசு செல்லாதாம். மறுபடியும் முதல்லேர்ந்துதான் போடணும்" என்றான் கடைப் பையன்.

"என்னத்தை மாத்தினாங்க?"

"அதை யாரு சொல்றாங்க ஐயா?"

பெரியவர் பேசவில்லை. பையைத் திறந்து ஒவ்வொரு காகிதமாக மறுபடியும் எடுத்து மேஜைமேல் வைத்தார். முதல் நாள் கொடுத்த கூலி போயிற்று. இரண்டாம் நாளும் கூலி கொடுத்தாக வேண்டும். எந்த அலுவலகத்தின் பாரம் என்பது இங்கே முக்கியமில்லை. இன்று அது ஓர் அலுவலகம், நாளை மற்றொன்று. படித்தவர், படிக்காதவர் என்ற வேற்றுமையின்றி இந்த அனுபவம் நம்மில் பலருக்கும் நேர்ந்திருக்கும்.

சட்டம் மாறினால் பாரம் மாறத்தான் வேண்டும். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால், எது மாறியது என்று சொல்லாமல், நிரப்பியதை வாரிக் கொட்டிவிட்டு, "மறுபடியும் எழுது" என்று சொல்வது என்ன நியாயம்? இதுவே நம் கேள்வி.

ஒட்டுச் சீட்டுக் காலம்

பாரம் என்பது தானாக முளைத்ததல்ல. அதற்கு ஒரு மூலம் உண்டு. சட்டமன்றமோ நாடாளுமன்றமோ ஒரு சட்டம் செய்கிறது. அதன்கீழ் விதி வருகிறது. விதியின் பின்னிணைப்பாகப் பாரம் வருகிறது. கெஜட்டில் வெளியான அந்த மூலத்தின் நிழல்தான் நாம் நிரப்பும் பாரம். மூலம் அசைந்தால் நிழலும் அசைய வேண்டும்.

அச்சுப் பாரக் காலத்தில் இதற்கு ஓர் எளிய வழி இருந்தது. விதி மாறினால், கையிருப்பில் உள்ள பழைய பாரங்களைக் குப்பையில் போட மாட்டார்கள். மாறிய கேள்வியின்மேல் ஒரு சீட்டு ஒட்டுவார்கள். அல்லது சிவப்பு மையில் அடித்து, பக்கத்தில் ரப்பர் ஸ்டாம்பு குத்துவார்கள். பார்ப்பதற்கு அசிங்கமாக இருக்கும். ஆனால், அந்த அசிங்கத்தில் ஒரு நேர்மை இருந்தது. எந்தக் கேள்வி மாறியது, பழையது என்ன, புதியது என்ன என்பது பாரத்தைக் கையில் எடுத்தவனுக்குக் கண்கூடாகத் தெரிந்தது. மற்றப் பக்கங்கள் மாறவில்லை என்பதும் தெரிந்தது. பாதி நிரப்பி வீட்டில் வைத்திருந்த பாரமும் வீணாகவில்லை.

கம்ப்யூட்டர் பாரத்தில் ஒட்டுச் சீட்டு இல்லை. இரவோடு இரவாகப் பழையது மறைந்து, புதியது அதே இடத்தில் அதே முகத்தோடு நிற்கும். தழும்பே தெரியாது. அழகுதான். ஆனால், தழும்பு தெரியாத இடத்தில் கணக்கு கேட்கவும் முடியாது அல்லவா?

இன்னொன்றும் உண்டு. அச்சுப் பாரம் கேள்வி கேட்கும். பதிலை நாம் எழுதுவோம். சரியா, தவறா என்று அதிகாரி பார்ப்பார். கம்ப்யூட்டர் பாரமோ கேள்வி கேட்பதோடு நிற்பதில்லை. கூட்டிக் கழிக்கிறது. இது உனக்குப் பொருந்தாது என்று ஒரு கட்டத்தை மூடுகிறது. அதாவது, அதிகாரி செய்த வேலையில் பாதியைப் பாரமே செய்துவிடுகிறது. ஆகவே மூலத்துக்கும் பாரத்துக்கும் இடையே ஒரு சிறு பிசகு வந்தாலும், அது வெறும் அச்சுப் பிழையாக இருக்காது. ஒருவனுடைய உரிமையே அதில் அடிபட்டுப் போகும்.

பெங்களூருக்கு வரும் ரிட்டர்ன்கள்

இந்தப் பேச்சுக்கும் நம் ஊருக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. நாடு முழுவதிலிருந்தும் இணையத்தில் தாக்கலாகும் வருமான வரி ரிட்டர்ன்களைப் பரிசீலிக்கும் மத்திய மையம் பெங்களூரில்தான் இருக்கிறது. ரிட்டர்னை இணையத்தில் போட்டுவிட்டு, கையெழுத்திட்ட ஒப்புகைத் தாளைத் தபாலில் அனுப்புகிறவர்கள் உறைமேல் எழுதும் முகவரியும் பெங்களூர்தான். அந்தத் தாளுக்கு முன்பு 120 நாள் அவகாசம் இருந்தது. 2022 ஆகஸ்டு 1 முதல் அது 30 நாளாகக் குறைக்கப்பட்டது. வரித் துறையின் இப்போதைய இணையத்தளம் 2021 ஜூன் 7-ஆம் நாள் திறக்கப்பட்டது. அதை அமைத்த இன்போசிஸ் நிறுவனத்தின் தலைமையிடமும் நம் பெங்களூரே.

1998-இல் "சரள்" என்ற பெயரில் ஒரே தாளில் அடங்கும் வரிப் பாரம் வந்தது. மூத்த வாசகர்களுக்கு நினைவிருக்கும். இன்று வரிப் பாரம் ஒரு புத்தகம். ஆண்டுதோறும் பட்ஜெட் வருகிறது, சட்டம் மாறுகிறது, பாரமும் மாறுகிறது. அந்த மாற்றம் ஒழுங்காக நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2024-இல் நடந்ததே சாட்சி.

அந்த ஆண்டு ரிட்டர்ன் போடக் கடைசி நாள் ஜூலை 31. புதிய வரி முறையில் மொத்த வருமானம் 7 லட்ச ரூபாய்க்கு மேற்படாதவர்களுக்கு 87ஏ பிரிவின்படி ரூ.25,000 வரை வரித் தள்ளுபடி அப்போது இருந்தது. ஜூலை 5 வரையில் பாரம் ஒரு மாதிரி கணக்குப் போட்டது. ஜூலை 5-க்குப் பிறகு வேறு மாதிரி கணக்குப் போட்டது. பங்கு விற்ற லாபம் போன்ற தனி விகித வருமானத்தின் மீதான வரிக்கு அந்தத் தள்ளுபடி கிடையாது என்று மென்பொருள் தானாகவே மறுக்கத் தொடங்கியது.

இதன் பொருள் என்ன? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவருக்குச் சம்பளமும் வட்டியுமாகக் கழிவு போக 5 லட்சம். பங்கு விற்ற குறுகிய கால லாபம் 1 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 5 லட்சத்துக்கு அன்றைய விகிதப்படி வரி ரூ.10,000. பங்கு லாபத்துக்கு 15 சதவீதப்படி ரூ.15,000. ஆக ரூ.25,000. முழுத் தொகைக்கும் தள்ளுபடி உண்டென்றால் அவர் கட்ட வேண்டியது ஒன்றுமில்லை. பங்கு லாபத்துக்குத் தள்ளுபடி இல்லையென்றால் செஸ் சேர்த்து ரூ.15,600 கட்ட வேண்டும். ஜூலை 4-ஆம் தேதி ரிட்டர்ன் போட்டவருக்கு ஒரு கணக்கு. ஜூலை 6-ஆம் தேதி போட்டவருக்கு வேறு கணக்கு! இரண்டு பேருக்கும் வருமானம் ஒன்றே, ஆண்டும் ஒன்றே. இடையில் 87ஏ பிரிவில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. மாறியது பாரம் மட்டுமே.

சட்டத்தின் பொருள் எது என்பதில் இரு கட்சி இருக்கலாம். வரித் துறைக்கு ஒரு கருத்து. ஆடிட்டர்களுக்கு வேறு கருத்து. அதைத் தீர்க்க அதிகாரி இருக்கிறார், ட்ரிப்யூனல் இருக்கிறது, கோர்ட்டு இருக்கிறது. ஆனால், பாரத்தின் கட்டமே மூடிக்கிடந்தால் கேட்க நினைப்பவன் எங்கே கேட்பான்? கேளாத உரிமைக்கு யார் தீர்ப்பு எழுதுவார்?

கோர்ட்டு சொன்ன பாடம்

வரி ஆலோசகர்கள் சங்கம் ஒன்று பொதுநல வழக்காக இதை பம்பாய் ஐகோர்ட்டுக்குக் கொண்டுபோயிற்று. 2024 டிசம்பரில் இடைக்கால உத்தரவு வந்தது. அதையொட்டி, திருத்த ரிட்டர்ன் போடும் கடைசி நாள் டிசம்பர் 31-லிருந்து 2025 ஜனவரி 15-க்குத் தள்ளிவைக்கப்பட்டது. தள்ளுபடியைக் கோர வழிசெய்து மென்பொருளும் திருத்தப்பட்டது. 2025 ஜனவரி 24-இல் இறுதித் தீர்ப்பு வந்தது. தள்ளுபடி உண்டா, இல்லையா என்பதை உரிய அதிகாரிகள் தீர்மானிக்கட்டும். ஆனால், கோருவதற்கே இடமில்லாமல் மென்பொருள் வாசலில் நின்று தடுக்கக் கூடாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

எவ்வளவு பெரிய வார்த்தை! பாரம் சட்டத்துக்கு வேலைக்காரன். எஜமானன் அல்ல என்று கோர்ட்டு சொல்ல வேண்டியதாயிற்று.

அதன்பின் நடந்ததையும் சொல்லிவிடுவோம். வரித் துறையின் கருத்தையே சட்டமாக்கி, தனி விகித வருமானத்துக்கு அந்தத் தள்ளுபடி இல்லை என்று 2025-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தில் திருத்தம் வந்தது. அது 2026-27 மதிப்பீட்டு ஆண்டு முதலே பொருந்தும். முந்திய ஆண்டுக்குத் தள்ளுபடி கிடைத்துப் பிறகு வரி கட்டும்படி கேட்கப்பட்டவர்களுக்கு, 2025 டிசம்பர் 31-க்குள் கட்டினால் வட்டி தள்ளுபடி என்று 2025 செப்டம்பரில் ஒரு சுற்றறிக்கையும் வந்தது. ஆக, முதலில் பாரம் மாறிற்று. சட்டம் பின்னால் வந்தது. தேருக்குப் பின்னால் வடம் போனது போல! வடம் முன்னே போனால்தான் தேர் நகரும்.

தாமதம் குற்றமல்ல

மறு பக்கத்தையும் நடுநிலையோடு பார்க்க வேண்டும். 2024 ஜூலையில் வந்த பட்ஜெட், பங்கு, மனை, வீடு விற்ற லாபத்தின் வரி விகிதங்களை ஆண்டின் நடுவிலேயே, ஜூலை 23 முதல் மாற்றியது. பங்கு லாபத்துக்கு 15 சதவீதம் 20 ஆயிற்று. நீண்ட கால லாபத்துக்கு 12.5 சதவீதம் என்றாயிற்று. ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடு, மனையை அதற்குப் பின் விற்றால், விலைவாசி உயர்வைக் கழித்துக்கொண்டு 20 சதவீதமா, கழிக்காமல் 12.5 சதவீதமா, எது குறைவோ அது போதும் என்று பின்னர் ஒரு சலுகையும் சேர்ந்தது.

ஒரே ஆண்டுக்குள் இரண்டு சட்டம். ஆகவே அடுத்த ஆண்டுப் பாரத்தில் ஜூலை 23-க்கு முன், பின் என்று இரண்டு பத்தி போட வேண்டி வந்தது. அதற்கு நேரம் பிடித்தது. பாரத்தின் அமைப்பே மாறியிருப்பதால் மென்பொருளைத் தயாரித்துச் சோதிக்க அவகாசம் வேண்டும் என்று காரணம் சொல்லி, கடைசி நாளை ஜூலை 31-லிருந்து செப்டம்பர் 15-க்கு மாற்றுவதாக 2025 மே 27-ஆம் நாளே நேரடி வரி வாரியம் அறிவித்தது. பிறகு மேலும் ஒரு நாள் கொடுத்தார்கள்.

இதை நாம் குறை சொல்லவில்லை; பாராட்டுகிறோம். காரணத்தைச் சொன்னார்கள். முன்கூட்டியே சொன்னார்கள். தாமதத்தின் சுமையை ஜனங்களின் தலையில் வைக்காமல் தாங்களே ஏற்றார்கள். முந்திய ஆண்டு நடுவழியில் கட்டத்தை மூடியதற்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

இதைவிடப் பெரிய மாற்றத்துக்கும் நாடு ஆளாகியிருக்கிறது. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2025-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 2025 ஆகஸ்டு 21-இல் ஜனாதிபதி ஒப்புதல் தந்தார். 2026 ஏப்ரல் 1 அதன் நடைமுறை நாள். 536 பிரிவுகள், எல்லாவற்றுக்கும் புது எண். ஆயுள் இன்சூரன்ஸ், பிராவிடண்ட் பண்டு என்றவுடன் நம் வாயில் வரும் 80சி இனி 123. "முந்தைய ஆண்டு", "மதிப்பீட்டு ஆண்டு" என்ற குழப்பமான இரட்டைப் பெயர் போய், "வரி ஆண்டு" என்ற ஒரே பெயர். நல்லதுதான். ஆனால், பழைய ஆண்டுகளின் கணக்கு பழைய சட்டப்படியே போகும். ஆகவே சில காலத்துக்குப் பழைய பாரமும் புதிய பாரமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தே தீர வேண்டும். எது எந்த ஆண்டுக்கு என்று பாரத்தின் நெற்றியிலேயே எழுதியிராவிட்டால், பென்ஷன்தாரர்கள் படும் பாடு சொல்லத் தரமாகுமா?

நம் ஊர், நம் பெயர்

வரி கட்டுகிறவர்களின் கவலை மட்டுமல்ல இது. பெங்களூரில் ஒரு சிறு வீடு வைத்திருப்பவரையும் இது தொடுகிறது. 2025 மே 15-இல் பெரிய பெங்களூர் ஆளுகைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் பழைய மாநகராட்சி போய், மத்தி, வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று ஐந்து மாநகராட்சிகள் வந்தன. அலுவலகத்தின் பெயர் மாறிற்று, எல்லை மாறிற்று. பழைய பெயரை அச்சிட்டிருந்த ஒவ்வொரு பாரத்துக்கும், ஒவ்வொரு கட்டத்துக்கும் மாற்றம் தேவைப்பட்டது. நம் வீடு இருக்கும் இடம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால், அது எந்த மாநகராட்சியில் இருக்கிறது என்று தெரியாமல் பாரத்தை நிரப்ப முடியாது.

இ-காத்தா விஷயத்தில் ஒரு நல்ல முறை கையாளப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். வெற்றுப் பாரத்தைக் கொடுத்து, எல்லாவற்றையும் நீயே எழுது என்று சொல்லவில்லை. பதிவேட்டில் இருந்ததை வைத்து வரைவுக் காத்தாவை இணையத்தில் போட்டார்கள். சொந்தக்காரர் பார்த்து, ஆதார், கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று முதலியவற்றைக் காட்டி உறுதி செய்தால் இறுதிக் காத்தா கிடைக்கும் என்றார்கள். நடைமுறையில் அலைச்சல் இல்லாமலில்லை. ஆனாலும் மூலத்தில் என்ன இருக்கிறது என்பதை முதலில் காட்டிவிட்டு, பிசகு இருந்தால் திருத்து என்று சொல்வதே முறை. எல்லாப் பாரங்களுக்கும் இது பொருந்தும்.

இங்கேதான் தமிழர்களாகிய நமக்கென்று ஒரு தனிச் சங்கடம் உண்டு. நமக்கு இனிஷியல் உண்டு. குடும்பப் பெயர் இல்லை. கிரயப் பத்திரத்தில் முன்னால் இனிஷியல். ஆதாரில் பின்னால் தகப்பனார் பெயர். பாங்கில் இரண்டும் இல்லாமல் வெறும் பெயர். "தமிழ்ச்செல்வி"யும் "அருள்மொழி"யும் கன்னட எழுத்தில் போகும்போது, இன்றைய கன்னடத்தில் "ழ" இல்லாமையால் "ள"வோ "ல"வோ ஆகிவிடும். ஆங்கிலத்தில் ஒரு காகிதத்தில் "எல்" என்றும், இன்னொன்றில் "இசட் எச்" என்றும் இருக்கும். மனிதக் கிளார்க்காக இருந்தால், "ஒரே அம்மாதானே" என்று புரிந்துகொள்வார். கம்ப்யூட்டருக்கு இரண்டு எழுத்து வேறுபட்டால் இரண்டு ஆள்.

ஒருமுறை எப்படியோ திருத்தி முடித்தோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாரம் மாறியதும் அந்தத் திருத்தமெல்லாம் அழிந்து, பழைய பிசகு மறுபடியும் வந்து உட்கார்ந்தால் என்ன செய்வது? பாதி நிரப்பிய பாரம் அழிவது வேறு சிலருக்கு அரை நாள் நஷ்டம். நம்மவருக்கு அது மறுபடியும் அபிடவிட், மறுபடியும் நோட்டரி, மறுபடியும் அலைச்சல்.

கணக்கில் வராத நஷ்டம்

கர்நாடகத்தில் 2011-இல் செய்த சகால சட்டம் ஒன்று உண்டு. இன்ன சேவையை இத்தனை நாளில் தர வேண்டும்; தராவிட்டால் நாளொன்றுக்கு ரூ.20 வீதம், ரூ.500 வரை மனுதாரருக்கு ஈடு தர வேண்டும் என்பது ஏற்பாடு. மனுவைக் கொடுத்தவுடன் ஓர் எண் கொடுப்பார்கள். அந்த எண் கிடைத்தால்தான் கடிகாரம் ஓடத் தொடங்கும்.

நல்ல சட்டம். ஆனால், அல்சூர்ப் பெரியவருக்கு எண் ஏது? அவர் இன்னும் மனுவே கொடுக்கவில்லையே! பதினோரு பக்கம் நிரப்பியது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவர் இழந்த நாளும் கூலியும் எந்தப் புள்ளிவிவரத்திலும் வராது. அலுவலகத்தின் ஆண்டறிக்கையில் எல்லாம் குறித்த காலத்தில் முடிந்ததாகவே இருக்கும். வாசலுக்குள் வந்தவனைத்தான் எண்ணுகிறோம். வாசலில் வழுக்கி விழுந்தவனை யார் எண்ணுகிறார்கள்?

இஞ்சினீயர்கள் சொல்லும் சமாதானம்

கம்ப்யூட்டர் துறையில் வேலை செய்யும் நம் பிள்ளைகளைக் கேட்டால் ஒரு சமாதானம் சொல்வார்கள். "பழைய பதில்களைப் புதிய பாரத்தில் அப்படியே ஏற்றினால் தப்பு வந்துவிடும். கேள்வியின் அர்த்தமே மாறியிருக்கலாம். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகக் கேட்பதே பத்திரம்" என்பார்கள்.

இதில் உண்மை உண்டு. "உங்கள் வருமானம் எவ்வளவு?" என்ற கேள்வி, "உங்கள் குடும்பத்தின் வருமானம் எவ்வளவு?" என்று மாறினால், பழைய பதிலை அங்கே வைப்பது பெரும் பிழை. ஆனால், தகப்பனார் பெயர் என்ற கேள்வி மாறவில்லையே! பிறந்த தேதி மாறவில்லையே! வீட்டுக் கதவு எண் மாறவில்லையே! அறுபது கேள்விகளில் நான்கு மாறினால், ஐம்பத்தாறு பதில்களை அழிப்பது எதற்கு? ஓர் ஓடு உடைந்தது என்று கூரையையே பிரிப்பார்களா?

வழி இல்லாமலில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் மாறாத ஓர் அடையாள எண் கொடுத்து, அது சட்டத்தின் எந்தப் பிரிவிலிருந்து, விதியின் எந்த வாசகத்திலிருந்து வந்தது என்று எழுதி வைத்தால் போதும். மூலத்தில் ஒரு பிரிவு மாறும்போது எந்தக் கேள்விகள் அசைய வேண்டும் என்பது உடனே தெரிந்துவிடும். சொல் மட்டும் மாறிய கேள்விக்குப் பழைய பதில் நிற்கட்டும். பொருள் மாறிய கேள்வியின் கட்டத்தைக் காலியாக்கி, மஞ்சள் நிறம் அடித்து, "இது மாறியிருக்கிறது, மறுபடியும் பதில் எழுதுக" என்று சொல்லட்டும். எடுத்துவிட்ட கேள்வியின் பதில் தனியே ஒரு பக்கத்தில் இருக்கட்டும். நாட்டுக்கே மென்பொருள் எழுதிக்கொடுக்கும் இந்த ஊரில் இதற்கு ஆள் இல்லை என்று யார் சொல்வார்? ஆள் இருக்கிறது. கேட்பார்தான் இல்லை.

நாம் கேட்பவை

மத்திய சர்க்காரும் மாநில சர்க்காரும் கீழ்க்கண்டவற்றை விதியாகவே செய்ய வேண்டும் என்று நாம் கேட்கிறோம்.

ஒன்று: ஒவ்வொரு பாரத்தின் தலைப்பிலும் அது எந்தச் சட்டத்தின், எந்தத் தேதி வரை வந்த திருத்தத்தின்படி அமைந்தது என்று இருக்க வேண்டும்.

இரண்டு: பாரம் மாறும்போது, மாறிய கேள்விகளின் பட்டியல் ஒரு பக்கத்தில் வெளிவர வேண்டும். ஆட்சிமொழியான கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும். தமிழ், உருது, தெலுங்கு பேசுவோர் நிறைந்த இந்நகரில் அம்மொழிகளிலும் இருந்தால் பேருதவி.

மூன்று: பாதி நிரப்பிய பாரத்துக்கும் ஓர் எண் தர வேண்டும். மாறாத கேள்விகளின் பதில்கள் அழியக் கூடாது.

நான்கு: தாக்கல் நடந்துகொண்டிருக்கும் பருவத்தின் நடுவில் கணக்குப் போடும் முறையை மாற்றக் கூடாது. மாற்றியே தீர வேண்டுமானால், காரணத்தை எழுதி வெளியிட்டு, கடைசி நாளையும் தானாகவே தள்ளிவைக்க வேண்டும்.

ஐந்து: கம்ப்யூட்டர் கணக்கை ஏற்காதவர் தம் கட்சியை எழுத ஒரு கட்டம் எப்போதும் திறந்திருக்க வேண்டும். முடிவை அதிகாரி சொல்லட்டும்.

இவற்றில் எதற்கும் கோடிக்கணக்கில் செலவு ஆகாது. மனம் வேண்டும், அவ்வளவே.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை

அதுவரை நாமும் சும்மா இருக்கக் கூடாது. நீண்ட பாரத்தை இணையத்தில் நிரப்புகிறவர்கள், ஒவ்வொரு பக்கத்தையும் முடித்தவுடன் அச்சு எடுத்தோ, போனில் படம் பிடித்தோ வைத்துக்கொள்ளுங்கள். தேதியைக் குறியுங்கள். பெயர், இனிஷியல், கதவு எண், பத்திர எண் ஆகியவற்றை எல்லாக் காகிதத்திலும் இருப்பது போலவே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கட்டம் மூடியிருந்தால் அந்தப் படத்தையும் எடுத்து வையுங்கள். பின்னால் முறையீடு செய்ய அதுவே சாட்சி. வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகள் இருந்தால், தெருவில் உள்ள பெரியவர்களுக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் உதவட்டும். நம் சங்கங்கள் பொங்கல் விழாவுக்குப் பந்தல் போடுவது போலவே, ரிட்டர்ன் பருவத்தில் ஒரு மேஜையும் போடலாம்.

அல்சூர்ப் பெரியவர் அன்று மறுபடியும் பதினோரு பக்கமும் நிரப்பினார். மீதிப் பக்கங்களையும் முடித்து, கடை மூடும் நேரத்தில் எண்ணை வாங்கிக்கொண்டுதான் எழுந்தார். "இந்த எண் நாளைக்கும் இருக்குமா தம்பி?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்தக் கேள்விக்குப் பையனிடம் பதில் இல்லை. பாரத்தைச் செய்தவர்கள்தாம் சொல்ல வேண்டும்.